கருமணலும் எல்.இ.டி. பல்பும்: எலக்ட்ரானைப் படிக்க வருபவர்களுக்கு

குவாண்டம் இயக்கவியலைத் தானாகப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். யூடியூபில் ஒரு பூனை வரும். அது உயிரோடும் இருக்கும், செத்தும் இருக்கும். அடுத்த காணொளியில் ஒரு பெரிய சமன்பாடு வரும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்ச நாளில் நோட்டை மூடிவைத்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் ஏறாது" என்று முடித்துக்கொள்கிறோம்.

ஏறும். வரிசையை மாற்றினால் போதும். முதலில் வெளிச்சம், அப்புறம் ஒற்றை அணு, அப்புறம் மணல், கல், கம்பி. பூனை கடைசியில் வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி. இந்த வழியில் போக நம் குமரி மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணல் ஆலை கருமணலைத் தரம் பிரிக்கும் விதத்தைக் கவனித்தால், அந்த வேலையில் பெரும்பகுதி எலக்ட்ரான்களின் குணத்தை வைத்துத்தான் நடக்கிறது. எந்த மணல் காந்தத்தில் ஒட்டும், எது ஒட்டாது என்பதை நீங்களே தாளில் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு வந்துவிட வேண்டும். அதுதான் இந்தக் கட்டுரையின் இலக்கு. பிளஸ் டூ அளவு கணக்கு போதும். படிப்பை விட்டு வருடங்கள் ஆனவர்களுக்கும் ஒத்துவரும்.

கையில் வேண்டியவை: ஒரு பழைய சிடி (எந்த வீட்டிலும் யாருடைய கல்யாண சிடியாவது கிடக்கும், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள்), ஒரு மல்டிமீட்டர், சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் நிறமில்லாத கண்ணாடி மூடி போட்ட எல்.இ.டி.கள், 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், 330 ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு நியோடிமியம் காந்தம். எல்லாமே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைப்பவைதான். அப்புறம் ஒரு நோட்டு. இந்தப் பாடத்தில் எழுதிப் பார்க்காமல் எதுவும் நிற்காது.

படி 1: வெளிச்சத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மெல்லிய கீறல் போடுங்கள். இரண்டு பிளேடுகளை அருகருகே ஒட்டினால் கீறல் நேராக வரும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம் போதும். எதிர்ப்பக்கத்தில் சிடித் துண்டைச் சாய்த்து வைத்து, மேலே ஒரு சிறு துளை வழியாக அதைப் பாருங்கள். சிடியில் உள்ள தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் தூரம் இருப்பதால் அது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துவிடும். டிவிடியில் அந்தத் தூரம் 0.74 மைக்ரோமீட்டர்தான், அதில் நிறங்கள் இன்னும் நன்றாக விலகித் தெரியும். சூரியனை நோக்கி மட்டும் பெட்டியைத் திருப்பக் கூடாது. கண் போய்விடும்.

மெழுகுவர்த்தியைப் பாருங்கள்: சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளி இல்லாத பட்டை. பழைய சி.எஃப்.எல். பல்பு ஒன்று மிச்சமிருந்தால் அதைப் பாருங்கள்: தனித்தனிக் கோடுகள். பச்சையில் பளிச்சென்று தெரியும் கோடு பாதரச அணுவுடையது, 546 நானோமீட்டர். சிவப்பில் 611 அருகில் வருவது யூரோப்பியம் என்ற அருமண் தனிமத்தின் கோடு.

இனி அடுப்படி. ஒரு ஸ்டீல் கரண்டி நுனியில் உப்பை ஈரமாகத் தொட்டு கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள். சாமித்தோப்பு உப்பளத்து உப்பானாலும் கடையில் வாங்கிய பாக்கெட் உப்பானாலும் வருவது ஒரே மஞ்சள்: 589 நானோமீட்டர். பெட்டி வழியாகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒற்றைக் கோடு நிற்கும். (உண்மையில் 589.0, 589.6 என்று இரண்டு. சிடிப் பெட்டியால் அவற்றைப் பிரிக்க முடியாது.) 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தின்போது சூரியனின் ஓரத்தில் பார்த்த மஞ்சள் கோடு இந்த இடத்தில் பொருந்தாமல் சற்று விலகி நின்றது. ஹீலியம் என்ற தனிமம் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது, பூமியில் அதை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே.

நோட்டில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அணு ஏன் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் தருகிறது?

படி 2: எல்.இ.டி.யைக் கொண்டு பிளாங்க் மாறிலியை அளந்து பாருங்கள்

வெளிச்சம் ஆற்றலைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் தரும் என்று 1905இல் ஐன்ஸ்டீன் சொன்னார். ஒரு பொட்டலம், அதாவது ஒரு ஃபோட்டான், எவ்வளவு ஆற்றல் கொண்டது என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்) வந்துவிடும். இதை மனப்பாடம் செய்துவிடுங்கள். கட்டுரை முழுக்க வரும். உப்பில் உள்ள சோடியத்தின் மஞ்சளுக்கு 1240 ÷ 589, ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட்.

பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு ஓரக் கால்களைப் பேட்டரியில் மாட்டுங்கள். நடுக்காலில் இருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதற்கு அடுத்து எல்.இ.டி., அங்கிருந்து பேட்டரியின் எதிர்முனை. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து எல்.இ.டி.யின் இரு கால்களுக்குக் குறுக்கே பிடியுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு பொட்டென்ஷியோமீட்டரை மெதுவாகத் திருப்புங்கள். மங்கலாக ஒளி தெரியத் தொடங்கும் கணத்தில் மீட்டரைப் படியுங்கள். சிவப்பு 1.7 வோல்ட் பக்கத்தில் எரியத் தொடங்கும். பச்சைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். நீலத்துக்கு ஏறத்தாழ 2.5.

இப்போது கணக்கு. எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம். அதை வோல்ட்டால் பெருக்கி, மீட்டர் அலகில் எழுதிய அலைநீளத்தாலும் பெருக்கி, ஒளியின் வேகம் 3 × 10⁸ ஆல் வகுத்தால் பிளாங்க் மாறிலி, அதாவது ஒளியின் அதிர்வெண்ணை ஃபோட்டானின் ஆற்றலாக மாற்றும் எண். 470 நானோமீட்டர் நீலத்துக்கு 2.5 வோல்ட் என்று வைத்தால் 6.3 × 10⁻³⁴ வரும். சரியான மதிப்பு 6.626 × 10⁻³⁴. சிவப்பில் விடை இன்னும் கொஞ்சம் குறைந்து வரும். பயப்பட வேண்டாம்: அறை வெப்பத்தில் சில எலக்ட்ரான்களுக்குக் கூடுதல் ஆற்றல் கிடைப்பதாலும், கண் மிக மங்கலான ஒளியையும் பிடித்துவிடுவதாலும் முழு மதிப்பை எட்டுவதற்கு முன்பே ஒளி தெரிந்துவிடுகிறது. அடுப்படி மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் இந்த எண்ணை வைத்துத்தான் 2019 மே மாதத்திலிருந்து உலகம் முழுக்க கிலோகிராமையே வரையறுக்கிறார்கள்.

சிவப்பு எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தைக் கூட்டினால் அது பிரகாசமாகும், நீலமாக ஆகாது. ஏன் என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வந்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

படி 3: ஹைட்ரஜன்

ஹைட்ரஜனில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதன் ஆற்றல் எந்த மதிப்பையும் எடுக்காது. மைனஸ் 13.6ஐ 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களால் வகுத்தால் வரும் மதிப்புகளை மட்டும்தான் எடுக்கும்: −13.6, −3.4, −1.51, −0.85 எலக்ட்ரான் வோல்ட். மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு இறங்கினால் வித்தியாசம் 1.89. 1240 ÷ 1.89 = 656 நானோமீட்டர், ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு. நான்காவதிலிருந்து இரண்டாவதற்கு 2.55, விடை 486, நீலப்பச்சைக் கோடு. இந்தக் கோடுகளின் எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை 1885இலேயே கண்டுபிடித்தவர் பால்மர், ஸ்விட்சர்லாந்தில் பள்ளி ஆசிரியர். காரணத்தை முதலில் சொன்னவர் நீல்ஸ் போர், 1913இல். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல எலக்ட்ரான் வட்டமடிக்கும் அந்தப் படம் இன்றும் பாடநூல் அட்டைகளில் இருக்கிறது. எண்ணுக்கு அது சரி. படமாக அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் ஒவ்வொரு படியிலும் இடிக்கும்.

அதற்குப் பதிலாக எதை வைப்பது? 1924இல் டி பிராலி எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்றார். 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்களைத் தெறிக்கவிட்டு, அவை அலைகளைப் போலவே விளிம்பு விளைவு காட்டுவதைப் பார்த்தார்கள். அலையை ஓர் இடத்துக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுசீந்திரம் கோயில் இசைத்தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூணைத் தட்டினால் அதன் நீளத்துக்கும் பருமனுக்கும் பொருந்தும் அதிர்வுகள் மட்டும் நிற்கும். மற்றவை கணத்தில் அடங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு தூணுக்கும் தனி ஒலி. கருவின் ஈர்ப்புக்குள் அடைபட்ட எலக்ட்ரான் அலைக்கும் பொருந்தும் வடிவங்கள் சில மட்டுமே, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றல். ஒப்புமை அத்தோடு சரி. தூணில் ஆடுவது கல். எலக்ட்ரான் அலையில் ஆடுவது பொருள் எதுவும் அல்ல. எலக்ட்ரானை எங்கே காண எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணக்கிடத் தரும் ஓர் அளவு.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: நேர்மின் கரு இழுக்கிறது, எதிர்மின் எலக்ட்ரான் ஏன் உள்ளே விழுந்துவிடுவதில்லை? இதற்கு மூன்று வரிக் கணக்கு போதும். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஹைட்ரஜனில் எலக்ட்ரான் பரவியிருக்கும் தூரம் ஏறத்தாழ 0.053 நானோமீட்டர். அங்கே அதன் இயக்க ஆற்றல் 13.6, நிலை ஆற்றல் −27.2, கூட்டினால் −13.6.

இப்போது அலையைப் பாதித் தூரத்துக்கு நெருக்குங்கள். அலைநீளம் பாதியானால் உந்தம் இரண்டு மடங்கு, இயக்க ஆற்றல் நான்கு மடங்கு: 54.4. கருவுக்கு நெருங்கியதில் கிடைத்த லாபம் இரண்டு மடங்குதான்: −54.4. கூட்டுத்தொகை பூஜ்யம். அதாவது நெருக்கியதில் நஷ்டம்.

சரி, விரித்துப் பார்ப்போம். இரண்டு மடங்கு தூரம்: இயக்க ஆற்றல் 3.4, நிலை ஆற்றல் −13.6, மொத்தம் −10.2. அதுவும் −13.6ஐவிட மோசம். இரண்டு பக்கமும் ஏற்றம் என்றால் நடுவில்தான் எலக்ட்ரான் நிற்கும். நெருக்குவதற்கான விலை இழுப்பின் லாபத்தைவிட வேகமாக ஏறுவதால்தான் அணுவுக்கு ஒரு பருமன் இருக்கிறது. கல்லும் மண்ணும் நம் கையும் பருமனோடு இருப்பதற்கும் இதிலிருந்துதான் தொடக்கம்.

"அப்போ சார், அந்த எலக்ட்ரான் எங்கதான் நிக்கு?" என்று மாணவர்கள் விடாமல் கேட்பார்கள். அளந்து பார்க்கும்வரை, இங்கேதான் என்று ஒரு புள்ளியைச் சொல்ல குவாண்டம் இயக்கவியலில் இடமில்லை. ஷ்ரோடிங்கர் 1926இல் எழுதிய சமன்பாடு அலையின் வடிவத்தைத் தரும். அந்த அலையின் வர்க்கம் வாய்ப்பைத் தரும் என்று அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் சொன்னார். அந்த வடிவத்துக்குப் பெயர் ஆர்பிட்டால். இந்தக் கட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 4: எலக்ட்ரான்களை நிரப்பிப் பழகுங்கள்

ஆர்பிட்டால்கள் எஸ், பி, டி, எஃப் என்று வகைப்படும். எஸ் ஒன்று, பி மூன்று, டி ஐந்து, எஃப் ஏழு. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்கள், அந்த இரண்டும் எதிரெதிர் தற்சுழற்சியோடு. இது 1925இல் பவுலி சொன்ன தவிர்ப்பு விதி. ஒரே ஆற்றலில் பல ஆர்பிட்டால்கள் இருந்தால் எலக்ட்ரான்கள் முதலில் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உட்காரும், ஒரே திசைச் சுழற்சியோடு. இடம் தீர்ந்த பிறகுதான் ஜோடி சேரும். இது ஹுண்ட் விதி.

சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள்: 2, 8, பிறகு தனியாக ஒன்று 3எஸ்-இல் (எழுத்துக்கு முன் வரும் எண் எத்தனையாவது அடுக்கு என்பதைச் சொல்லும்). அடுப்பில் பார்த்த மஞ்சள், அந்த ஒற்றை எலக்ட்ரான் 3பி-க்கு ஏறி மறுபடி 3எஸ்-க்கு இறங்கும்போது வருவது.

இரும்பை நிரப்பும்போது புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. 26 எலக்ட்ரான்களில் கடைசி எட்டு, 3டி-யில் ஆறும் 4எஸ்-இல் இரண்டுமாக இருக்கும். இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும்போது கடைசியாக நிரப்பியது 3டி என்பதால் அதிலிருந்து கழிக்கத் தோன்றும். கழிக்க வேண்டியது 4எஸ்-இல் இருந்து. மிச்சம் 3டி-யில் ஆறு. ஐந்து ஆர்பிட்டால்களில் ஆறு பேரை உட்காரவைத்தால் ஒரு ஜோடியும் நான்கு தனி எலக்ட்ரான்களும் வரும். இந்த நான்கை வட்டமிட்டு வையுங்கள்.

இதே முறையில் நான்கு எலக்ட்ரான்களை இழந்த டைட்டானியம், நான்கை இழந்த சிர்கோனியம், மூன்றை இழந்த சீரியம், மூன்றை இழந்த நியோடிமியம் ஆகியவற்றுக்கும் எழுதிப் பாருங்கள். விடைகள் முறையே 0, 0, 1, 3. சீரியத்தின் ஒன்றும் நியோடிமியத்தின் மூன்றும் 4எஃப்-இல் இருப்பவை.

படி 5: கடற்கரையில் சரிபாருங்கள்

மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் அலை ஏறி இறங்கும் இடத்தில் கறுப்புப் படலம் படிந்திருக்கும். சில இடங்களில் அதன் ஓரம் கருஞ்சிவப்பாக மாறும். ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்த கனமான மணலைக் கடல் திரும்பத் திரும்ப அலசி, லேசானதை இழுத்துக்கொண்டு போனதில் மிச்சமானவை இவை. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்: இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும். சிவப்பு கார்னெட்: இரும்பு, அலுமினியம், சிலிக்கா. கூடவே ரூட்டைல் என்ற டைட்டானியம் ஆக்சைடு, சிர்கான் என்ற சிர்கோனியம் சிலிக்கேட், சில்லிமனைட், மஞ்சள் கலந்த பழுப்பில் மோனசைட். மோனசைட்டுக்குள் சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும், கதிரியக்கம் உள்ள தோரியமும் இருக்கும்.

போவதற்கு முன் நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, எது காந்தத்துக்கு வரும் என்று எழுதிவிடுங்கள். விதி எளிது. தனி எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தன் சுழற்சியால் ஒரு சிறு காந்தம். ஜோடியானால் இரண்டும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். எனவே இல்மனைட்டில் உள்ள இரும்புக்கு நான்கு தனி எலக்ட்ரான்கள் என்பதால் அது வரும். கார்னெட்டிலும் அதே இரும்பு இருக்கிறது, ஆனால் மணிக்குள் அதன் பங்கு குறைவு. பலமான காந்தமாக இருந்தால்தான் வரும். மோனசைட் சீரியம், நியோடிமியத்தால் லேசாக. ரூட்டைல், சிர்கான், சில்லிமனைட், சாதாரண வெள்ளை மணல் நான்குக்கும் பூஜ்யம், அசையக் கூடாது.

செய்முறை: ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத் தாளில் பரப்பி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமிருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி எல்லாமே சேர்ந்து எழும்பும், முடிவு கெட்டுவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் காந்தத்தில் ஒட்டிய மணியை எடுப்பது பெரிய பாடு. மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். முதலில் துள்ளி எழுபவை, அதிலும் தூரத்திலேயே எழுபவை, பெரும்பாலும் மேக்னடைட் துகள்கள். அவற்றில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தங்கள் ஒழுங்காக அணிவகுத்திருப்பதால் சாதாரண காந்தமே போதும். கொஞ்சம் நெருங்கியதும் இல்மனைட் கூட்டமாக வரும். இன்னும் நெருக்கினால் சிவப்பு மணிகள் சில தயங்கித் தயங்கிப் புரளும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தால் அந்தப் புரளல் தெளிவாகத் தெரியும். வெள்ளையும் நிறமற்றதும் தாளிலேயே கிடக்கும். நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட்டுக் கைகழுவி வாருங்கள். மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலை வேண்டாம். தோரியம் இருப்பதால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிற பொருள். மணல் எடுப்பதைப் பற்றி ஊரில் நெடுநாளாக வாக்குவாதம் உண்டு, அது இங்கே பேச வேண்டிய விஷயம் அல்ல.

துல்லியம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 4எஃப் எலக்ட்ரான்களில் சுழற்சியோடு ஆர்பிட்டாலின் பங்கும் சேரும் என்பதால் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காந்தத் திறனைச் சொல்ல முடியாது. படிகங்கள் ஒவ்வொரு திசையிலும் வெவ்வேறு அளவில் காந்தத்துக்கு இணங்குவதை 1930களில் நுட்பமாக அளந்தவர்களில் முக்கியமானவர் தென் தமிழ்நாட்டில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலில் வேலை செய்தவர் என்பதோடு நம் பாடநூல்கள் அவரை முடித்துவிடுகின்றன. காந்தத்தில் அவர் செய்தது அதற்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

படி 6: ஒற்றை அணுவிலிருந்து கல்லுக்கு

இரண்டு அணுக்கள் நெருங்கினால் ஒரு ஆற்றல் மட்டம் இரண்டாகப் பிரியும். பத்து அணுக்கள் என்றால் பத்தாக. ஒரு மணல்துகளில் 10¹⁷-க்கும் மேல் அணுக்கள். அத்தனை மட்டங்களும் நெருங்கி ஒரே பட்டையாகிவிடும். பட்டைகளுக்கு நடுவே எந்த மட்டமும் இல்லாத இடைவெளிகள் விழலாம். எலக்ட்ரான்களைக் கீழிருந்து நிரப்பிக்கொண்டே வாருங்கள். நிரம்பல் ஒரு பட்டையின் நடுவில் நின்றால் அது உலோகம். ஒரு பட்டை முழுதாக நிரம்பி, மேலே இடைவெளி இருந்தால் அது மின்கடத்தாப் பொருளோ குறைகடத்தியோ. எது என்பது இடைவெளியின் அளவைப் பொறுத்தது: சிலிக்கனுக்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட், ரூட்டைலுக்கு 3, வைரத்துக்கு 5.5, குவார்ட்ஸுக்கு 8-க்கும் மேல். அறை வெப்பம் தரக்கூடியது 0.025 அளவுதான் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

உலோகத்துக்கு உதாரணமாக முப்பந்தல் காற்றாலைகளில் இருந்து இறங்கும் செம்புக் கம்பி. ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான் கூட்டம் நகரும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அதே கம்பியில் உச்ச மட்டத்தில் உள்ள எலக்ட்ரான்கள் மின்சாரமே இல்லாதபோதும் நொடிக்கு 1,570 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. இந்த வேகம் வெப்பத்தால் வந்ததல்ல, பவுலி விதியால் வந்தது: கீழ் மட்டங்கள் நிரம்பிவிட்டதால் மீதி எலக்ட்ரான்கள் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

மணல் ஆலைக்கு வருவோம். காந்தத்தைத் தவிர அங்கே இன்னொரு சல்லடை உண்டு, உயர் மின்னழுத்தப் பிரிப்பான். சுழலும் உருளையில் மணலைக் கொட்டி மின்னூட்டம் ஏற்றுவார்கள். மின்னைக் கடத்தும் மணி, தன் மின்னூட்டத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டுத் தெறித்து விழும். கடத்தாத மணி ஒட்டிக்கொண்டே சுற்றி வந்து வேறு இடத்தில் விழும். இல்மனைட்டும் ரூட்டைலும் முதல் வகை. சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் இரண்டாம் வகை. 3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள ரூட்டைல் எப்படிக் கடத்தும் என்று கேட்டால் நீங்கள் சரியாகப் படிக்கிறீர்கள். சுத்தமான ரூட்டைல் கடத்தாது. இயற்கையில் கிடைப்பதில் ஆக்சிஜன் குறைபாடும் பிற தனிம அணுக்களும் இருக்கும், அவை மிச்சம் விடும் எலக்ட்ரான்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. சிலிக்கனில் கலப்படம் செய்து டிரான்சிஸ்டர் செய்வதும் இதே வழிதான்.

ஆக, ரூட்டைலும் சிர்கானும் காந்தத்துக்கு ஒரே மாதிரி, மின்சாரத்துக்கு வேறு. மோனசைட்டும் சிர்கானும் மின்சாரத்துக்கு ஒரே மாதிரி, காந்தத்துக்கு வேறு. இரண்டு சல்லடையும் சேர்ந்தால் மூன்றும் பிரிந்துவிடும். இதை நான்கு கட்டம் உள்ள அட்டவணையாக வரைந்து பாருங்கள்.

நிறத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏறத்தாழ 1.8 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட். இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் வெளிச்சத்தை உறிஞ்ச வழியில்லை. சுத்தமான குவார்ட்ஸும் வைரமும் நிறமில்லாமல் இருப்பது அதனால். இல்மனைட் கறுப்பாக இருக்கக் காரணம், வெளிச்சம் பட்டதும் இரும்பிலிருந்து எலக்ட்ரான் பக்கத்து டைட்டானியத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலுக்கு எல்லா நிறமும் உதவும், எல்லாமே உறிஞ்சப்படும். அதே இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிவிட்டால் கிடைப்பது வெள்ளை பெயிண்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் இந்த வேலை நடக்கிறது. தாவ எலக்ட்ரான் இல்லை, நிறமும் இல்லை.

படி 7: சீரியத்தை மட்டும் தொடர்ந்து போங்கள்

இதுவரை படித்தது கைவசமாகிவிட்டதா என்று பார்க்க ஒரே தனிமத்தை இரண்டு விளக்குகளில் பின்தொடரலாம்.

முதலாவது பெட்ரோமாக்ஸ். கரண்ட் வராத காலத்தில் கல்யாண வீட்டிலும் கடற்கரையிலும் எரிந்த அந்த விளக்கின் மேண்டில் (சுடரில் சூடாகி ஒளிரும் வலை), ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தபடி, 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் ஒரு விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்டது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நம் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டு ஆலை போட்டதும் இந்த மேண்டிலுக்குத் தேவையான தோரியத்துக்காகத்தான். தோரியம் ஆக்சைடுக்குப் பட்டை இடைவெளி மிகப் பெரிது. சுடரில் எவ்வளவு சூடானாலும் தானாக அதிகம் ஒளிராது, வெப்பக் கதிராகவும் ஆற்றலை வீணாக்காது. அதற்குள் இருக்கும் கொஞ்சம் சீரியம்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியே விடுகிறது. பரணில் பழைய மேண்டில் கிடந்தால் அதை உதிர்த்துத் தூசியை மூச்சில் இழுத்துவிடாதீர்கள். தோரியம் கதிரியக்கம் உள்ளது.

இரண்டாவது, இப்போது வீட்டில் எரிகிற வெள்ளை எல்.இ.டி. பல்பு. சிடிப் பெட்டியில் அதைப் பாருங்கள்: 450 அருகில் குறுகலான நீலம், அதற்கு அடுத்து ஒரு மங்கல், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான மேடு. உள்ளே இருக்கும் சில்லு நீல ஒளி மட்டும்தான் தரும். அதைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி, சீரியம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட். படி 4இல் எழுதிய அந்த ஒற்றை 4எஃப் எலக்ட்ரான் நீலத்தை விழுங்கி 5டி-க்கு ஏறும், கொஞ்சம் ஆற்றலைப் படிகத்துக்கு வெப்பமாகக் கொடுத்துவிட்டு மஞ்சளாக இறங்கும். 1240 ÷ 450 = 2.76 உள்ளே; 1240 ÷ 550 = 2.25 வெளியே. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. பல்பு ஏன் கொஞ்சம் சுடுகிறது என்பதற்கு அந்த 0.5 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசமும் ஒரு காரணம்.

அடுத்து எதைப் படிக்கலாம்

பதினோராம் வகுப்பு வேதியியலில் அணு மாதிரி பற்றிய பாடமும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இருமைப்பண்பு, குறைகடத்தி பற்றிய பாடங்களும் தமிழிலேயே இருக்கின்றன; தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசம். இந்த ஏழு படிகளுக்குப் பிறகு அவற்றைப் படித்தால் வேகமாக ஓடும். அதற்கு மேல் போக நினைப்பவர்கள் கலப்பு எண்களையும் எளிய வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தூசுதட்டிக்கொண்டு, ஐ.ஐ.டி.களின் இலவச இணைய வகுப்புகளான என்.பி.டெல். காணொளிகளில் ஒரு தொடக்கநிலைத் தொடரை எடுக்கலாம். பல உலகங்கள், உணர்வு, தியானம் என்று குவாண்டத்தைக் கலந்து அடிக்கும் காணொளிகளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அவற்றில் கணக்கு இருக்காது, உங்களுக்குத் தேவை கணக்கு.

முதல் கணக்காகப் பெட்டிக்குள் எலக்ட்ரானைப் போடுங்கள். ஒரு நானோமீட்டர் நீளப் பெட்டியில் எலக்ட்ரானின் மிகக் குறைந்த ஆற்றல் 0.38 எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டும். பெட்டியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் நூறு மடங்கு. விடை 10⁻²⁰ என்கிற மாதிரி ஏதோ வந்து நின்றால் கணக்கு தவறில்லை, ஜூலில் நிற்கிறது, 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.